குடியில் தவிக்கும் குடும்பங்களிடையே ஊழியம்: சபைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மீனவர் குப்பம், தூய்மைப் பணியாளர் குடியிருப்பு, தேயிலைத் தோட்டத்து லயம் என்று சபை எங்கே ஊழியத்துக்குப் போனாலும் மூன்றாவது வீட்டிலேயே குடி எதிரே வந்து நிற்கும். தமிழ்நாட்டில் இந்தப் பணியில் இறங்கும் போதகர்கள், மாதர் சங்கத்தார், வாலிபர் குழுக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். மருத்துவம் சார்ந்த பதில்கள் ஆபத்தை அடையாளம் காண உதவும். சிகிச்சையை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கிறிஸ்து ஒருவருடைய உள்ளத்தை மாற்றினால் குடி தானாகவே நின்றுவிடாதா?

சிலருக்கு அப்படி நின்றிருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதையே எல்லாருக்கும் விதியாக்கினால், நிற்காதவர் தன்னை தேவன் கைவிட்டார் என்று முடிவுகட்டிவிடுவார். "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று ரோமர் 12:2 சொல்கிறது. மனம் புதிதாவது ஒரு கூட்டத்தில் கை உயர்த்தியதோடு முடிகிற காரியமாக அங்கே சொல்லப்படவில்லை. பவுல் அதை எழுதியது ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்தவர்களுக்கு.

நீண்ட காலம் தினமும் குடித்தவரின் மூளையும் நரம்பும் சாராயத்துக்குப் பழகிப்போயிருக்கும். அது இல்லாதபோது உடம்பு கலகம் செய்யும். மனந்திரும்பியவருக்கு எலும்பு முறிந்திருந்தால் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இதற்கும் அப்படித்தான். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டிவிட்டு ஜெபித்துப் போய்விடவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோய், இரண்டு பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். இந்த ஊழியத்தின் திட்டமும் வரவுசெலவும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

அவர் வெறுமனே குடிப்பவரா, குடிநோயாளியா என்று எப்படித் தெரியும்?

அளவைவிட அடையாளங்களைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீர ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? மதுக்கடை 12 மணிக்குத்தான் திறக்கும் என்று தெரிந்தும், அதுவரை பொறுக்க முடியாமல் கூடுதல் விலை கொடுத்து வெளியே வாங்குகிறாரா? நிறுத்திய நாளில் வியர்த்து, தூக்கம் கெட்டு, வாந்தி வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடல் அடிமைப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அளவும் தெரிந்திருப்பது நல்லது. "ஒரு குவாட்டர்தான்" என்பார்கள். 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. மருத்துவர்கள் ஒரு அலகு என்று எண்ணுவது சுமார் 10 கிராம், அதாவது 30 மில்லி. ஆக ஒரு குவாட்டர் என்பது ஆறு அலகு.

"இன்றைக்கு இரவோடு விட்டுவிடுகிறேன், ஜெபியுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

ஜெபியுங்கள். அதே இரவில் மருத்துவரைப் பார்ப்பதற்கும் ஏற்பாடு செய்யுங்கள். இந்த ஊழியத்தில் உயிர் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நல்ல எண்ணத்தோடு செய்யும்போதே போகிறது.

தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இல்லாத உருவம் தெரிவது, யாரோ கூப்பிடும் குரல் கேட்பது ஆகியவையும் முதல் இரண்டு நாளிலேயே வரக்கூடும். மிக மோசமான கட்டம் 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். அப்போது ஆள், இடம், நேரம் எதுவும் தெரியாமல் உளறுவார், கடுமையாக நடுங்குவார், காய்ச்சல் ஏறும், நாடித்துடிப்பு தாறுமாறாகும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் சாவு நிகழ்கிறது.

சபைகள் தவறுவது எங்கே என்றால், சனிக்கிழமை இரவு நிறுத்தியவர் திங்கட்கிழமை இரவு உளறத் தொடங்கும்போது, அதைப் பிசாசின் பிடி என்று எடுத்துக்கொண்டு கூடி நின்று அதட்டி ஜெபிப்பார்கள். சத்தமும் கூட்டமும் அந்த நிலையை இன்னும் மோசமாக்கும். மூன்றாம் நாள் உளறல் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வண்டியில் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஜெபியுங்கள்.

முன்பு வலிப்பு வந்தவர், ஈரல் நோய், சர்க்கரை அல்லது இதய நோய் உள்ளவர், வயதானவர் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை, குடியை அவராகத் திடீரென்று வெட்ட வேண்டாம் என்றுகூட மருத்துவர் சொல்லலாம். விசுவாசிகளுக்கு இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். இருந்தாலும் அந்த ஆலோசனைக்குக் கீழ்ப்படியுங்கள்.

உபவாச ஜெபத்தில் மூன்று நாள் உட்காரவைக்கலாமா?

வேண்டாம். குடிநோயாளியின் உடம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 ஏற்கெனவே வற்றியிருக்கும். அதன் மேல் பட்டினியும் வியர்வையும் வாந்தியும் சேர்ந்தால் சர்க்கரையும் உப்புச்சத்தும் இறங்கும், மூளையே பாதிக்கப்படும். கண் ஆடுவது, நடை தள்ளாடுவது, குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். நேரத்துக்குத் தயமின் ஊசி போடாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். தெம்புக்கு என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவதும் இதே காரணத்தால் ஆபத்து. குடிப்பழக்கம் இருக்கிறது என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

உபவாசம் இருக்க விரும்பினால் சபையார் இருக்கட்டும். அவருக்குக் கஞ்சி கொடுங்கள். எலியா சாக வேண்டுமென்று கேட்டுப் படுத்தபோது தேவதூதன் முதலில் சொன்னது "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதுதான்.

குடிமறக்கும் மருந்தைச் சாப்பாட்டில் தெரியாமல் கலக்கலாம் என்கிறார்களே?

கூடாது. அப்படி விற்கப்படும் பல பொடிகளில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை உண்மையான மருந்துதான். ஆனால் அதைத் தின்றவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம்வரை இந்த விளைவு இருக்கும். இதை அறிந்து, சம்மதித்து விழுங்குபவருக்கு மட்டுமே அது பாதுகாப்பு. தெரியாமல் கலந்தது என்றைக்காவது வெளியாகும். அதன் பின் அவர் மனைவி கையால் வாங்கிச் சாப்பிடமாட்டார், சபையையும் நம்பமாட்டார்.

சிகிச்சைக்கு எங்கே அழைத்துப் போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநல வெளிநோயாளர் பிரிவு முதல் வாசல். கட்டணமில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கேளுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை இந்தத் துறையில் முன்னோடி. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம்.

உடலை மருந்தால் தெளியவைக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். ஆலோசனையோடு சேர்ந்த உள்ளிருப்புச் சிகிச்சை பெரும்பாலும் மூன்று நான்கு வாரம். அந்த நாட்களில் வீட்டில் கூலி வராது. சிகிச்சைச் செலவைவிட இந்தக் கூலி இழப்புதான் பாதியில் எழுந்து வரவைக்கிறது. ஆகவே சேர்க்கும் முன்பே, நான்கு வாரத்துக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டுச் சேருங்கள்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். "மூன்று மாதத்துக்கு யாரும் பார்க்கக் கூடாது" என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். ஜெபவீடு, தியான மையம் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் ஆளைக் கட்டிவைக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது.

வீட்டுக்கு யார் போவது, எப்போது போவது?

எப்போதும் இருவர். ஆணைச் சந்திக்க ஆண்கள், மனைவியைச் சந்திக்கப் பெண்கள். வேலைக்குப் போகிறவர் என்றால் காலை 6 முதல் 7 மணி நல்ல நேரம், தெளிவோடு இருப்பார். இரவு 8 மணிக்குப் போய்ப் போதையில் இருப்பவரிடம் புத்தி சொன்னால் மறுநாள் அவருக்கு அது நினைவிருக்காது. அவமானப்பட்ட உணர்வு மட்டும் மிச்சமிருக்கும். போதையில் இருந்தால் "நாளை காலை வருகிறோம் அண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். சொன்னபடி காலையில் போய் நில்லுங்கள்.

சிகிச்சை முடிந்து வந்த முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதத்துக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளலாம். 20 நிமிடம் போதும். ஒரு ஜோடி ஊழியர் மூன்று குடும்பத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் நான்காவது மாதத்தில் யாருடைய வீட்டுக்கும் ஒழுங்காகப் போகமாட்டார்கள்.

மீனவர் ஊர்களில் ஒரு காலக்கணக்கு உண்டு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கையில் வேலை இருக்காது. குடி கூடும் காலம் அது. ஒரு மாதம் சிகிச்சைக்கு ஒதுக்க முடிகிற காலமும் அதுதான். மார்ச் மாதமே பேச்சைத் தொடங்குங்கள்.

சுவிசேஷத்தை எப்போது சொல்வது?

அவர் கேட்கிற நிலையில் இருக்கும்போது, அவர் அனுமதியோடு. வழியோரத்தில் கூப்பிட்ட குருடனிடம், அவனுக்கு என்ன வேண்டும் என்பது கண்ணுக்கு முன் தெரிந்தும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று இயேசு கேட்டார். நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமலே பிரசங்கத்தைத் தொடங்கிவிடுகிறோம்.

முதல் இரண்டு மூன்று சந்திப்பில் கேளுங்கள். எப்போதிலிருந்து குடி, எதற்காக, எந்த வேலை. சாக்கடைக்குள் இறங்கும் மனிதர் நாற்றம் தாங்கக் குடிக்கத் தொடங்கியிருப்பார். மூட்டை தூக்குபவர் உடம்புவலிக்குக் குடித்திருப்பார். இதைக் கேட்டறியாமல் "பாவத்தை விடு" என்றால், அந்த வேலையை அவர் தலையில் கட்டியவர்களின் பாவம் கணக்கில் வராமல் போகிறது. அது அவருக்குத் தெரியும்.

பிறகு, "உங்களுக்காக ஜெபிக்கலாமா, இயேசுவின் கதை ஒன்று சொல்லலாமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள், வருவதை நிறுத்தாதீர்கள். சரி என்றால் ஒரு சந்திப்புக்கு ஒரு கதை. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் கல்லறைகளில் கிடந்தவன், லூக்கா 15-இல் கெட்ட குமாரன், யோவான் 4-இல் கிணற்றடிப் பெண், லூக்கா 19-இல் சகேயு. வாசிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள், எனவே புத்தகத்தைத் திறக்காமல் வாயால் சொல்லப் பழகுங்கள். ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு, "இதில் நீங்கள் யாரைப் பார்த்தீர்கள்?" என்று ஒரே கேள்வி. விளக்கவுரை வேண்டாம். கெட்ட குமாரன் கதையில் பல குடிநோயாளிகள் தகப்பனை விட்டுவிட்டு மூத்த மகனைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். வீட்டில் தன்னை நம்பாத அண்ணன் தம்பிகள் அவர்கள் மனதில் இருப்பார்கள். அங்கிருந்தே பேச்சு உள்ளே போகும்.

தேவன் செய்வார் என்று நீங்கள் நாள் குறிக்காதீர்கள். "கிறிஸ்துமஸுக்குள் கர்த்தர் விடுவிப்பார்" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

உதவி செய்தால் மதமாற்றம் என்று குற்றம் சாட்டுவார்களே?

அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு தன் மதத்தைக் கைக்கொள்ளவும் அறிவிக்கவும் உரிமை தருகிறது. அறிவிக்கும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் அப்படியிருக்க, விசுவாசத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் அரிசிக்காக வந்த ஆத்துமா என்று ஒன்றில்லை. பசியைக் காட்டி வாங்கிய "ஆமென்" பொய்.

எனவே சில ஒழுங்குகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உதவி பெறும் குடும்பத்தை ஆராதனைக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்களாகக் கேட்டால் நேரத்தைச் சொல்லலாம். பொருள் கொடுக்கும்போது படம் எடுக்கக் கூடாது. பொருளோடு கைப்பிரதி வைக்கக் கூடாது. மருத்துவமனைப் படுக்கையில் மயக்கத்தில் கிடப்பவர் நெற்றியில் எண்ணெய் பூசக் கூடாது. கும்பிடும் சாமி படத்தைக் கழற்றச் சொல்லக் கூடாது. எந்த மதத்துக் குடும்பமானாலும், சபைக்குள்ளிருக்கும் குடும்பமானாலும் அதே அளவுகோல். கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் கிறிஸ்தவக் குடிநோயாளியைத்தான் சபைகள் அதிகம் ஒளித்துவைக்கின்றன.

அவர் ஞானஸ்நானம் கேட்கிறார். உடனே கொடுக்கலாமா?

குடியை நிறுத்திய பரவசத்தில் கேட்பதுண்டு. குறைந்தது ஆறு மாதம் போதனை வைத்துப் பொறுத்திருப்பது நல்லது. போதையில் இல்லாத மனம் தீர்மானிக்கட்டும்.

பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் ஒன்றை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லவேண்டும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி அந்தத் தகுதி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டுமே. கிறிஸ்தவரானவருக்கு அது இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். பிள்ளைகளின் உதவித்தொகை, விடுதி, வேலை ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் இதோடு பிணைந்தவை. சபையோடு தொடர்ந்து வாழ்ந்துகொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் கோரிக்கையை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. இந்த ஆணை அநீதி என்பது சபைகளின் பல்லாண்டுக் குரல். அந்த ஆணை வெளியான ஆகஸ்ட் 10 கறுப்பு நாளாக அனுசரிக்கப்படுவதும் இதனால்தான். ஆனாலும் இன்று இருக்கும் சட்டம் இது.

"சர்டிபிகேட்டில் மாற்றாமல் ரகசியமாக ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஊழியர் சொல்லக் கூடாது. பொய்யால் பல ஆண்டு வாழ்ந்துவிட்டு அதிலிருந்து வெளிவரப் போராடும் மனிதருக்கு, புது வாழ்வின் முதல் நாளே நாம் ஒரு பொய்யைக் கொடுத்தனுப்புவதாகும். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்து, விலை இது என்று சொல்லுங்கள். தீர்மானம் அவர்களுடையது.

மனைவியை அடிக்கிறார். பொறுத்துப் போகச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். "உன் சிலுவையைச் சும" என்ற வார்த்தை இந்த இடத்தில் பலரைச் சவக்குழிவரை கொண்டுபோயிருக்கிறது. சிலுவை ஒருவர் தாமே சுமப்பது. மற்றவன் கையில் இருக்கும் விறகுக்கட்டை சிலுவையல்ல.

பெண்கள் உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் புகார் எழுதித் தர சபைப் பெண்கள் உடன் போகலாம். அதற்கு முன் ஒரு பையைத் தயார் செய்யச் சொல்லுங்கள்: ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், மருந்து, கொஞ்சம் பணம். பை பக்கத்து வீட்டிலோ சபையிலோ இருக்கட்டும். குடி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று உறுதி சொல்லவும் முடியாது. குடிக்காமலே அடிக்கிறவர்கள் உண்டு. கணவரைச் சந்திக்கும் ஊழியரே மனைவிக்கும் சமாதானத் தூது போவது வேண்டாம். மனைவி சொன்னது கணவர் காதுக்குப் போய்விடும்.

பணம் கொடுக்கலாமா?

கையில் கொடுக்காதீர்கள், கடனையும் அடைக்காதீர்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் வீட்டில் குறைவது பெரும்பாலும் அரிசியல்ல. பருப்பும் எண்ணெயும் முட்டையும் கேஸும்தான். நால்வர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், 15 முட்டை, காய்கறி என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்து மனைவி வாங்கிக்கொள்ளும்படி செய்யலாம். பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலேயே கட்டுங்கள்.

ஏ.டி.எம். கார்டு வட்டிக்காரரிடம் அடகில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். இருந்தால் சம்பளம் வீட்டுக்கு வருவதே இல்லை. ஒரு நாள் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதவையுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை வருவார்கள். தொகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பல வீடுகளில் முதல்முறையாகக் கணவனும் மனைவியும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

மாலை 6 முதல் 8.30 வரை படிப்பு வகுப்பு நடத்துங்கள். வீட்டில் சண்டை நடக்கும் நேரம் அது. சுண்டலோ அவித்த முட்டையோ கொடுங்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் தனியாகப் பிள்ளையோடு இருக்கக் கூடாது. பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம். 1098-க்கு அழைக்கலாம்.

ஞாயிறு பள்ளியில் "நீ ஜெபித்தால் அப்பா குடியை விட்டுவிடுவார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். விடாவிட்டால் தன் ஜெபம் சரியில்லை என்று அந்தப் பிள்ளை தன்னையே குற்றம்சாட்டிக்கொள்ளும். "அப்பா குடிப்பது உன்னால் இல்லை, நிறுத்துவதும் உன் பொறுப்பில்லை, இயேசு உன்னை நேசிக்கிறார்" என்பது போதும்.

மூன்று மாதம் சுத்தமாக இருந்தவர் மறுபடி குடித்துவிட்டார்.

இது நடக்கும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் மிகவும் வழுக்கல். தெரிந்த 24 மணி நேரத்துக்குள் போய்ப் பாருங்கள். தாமதமானால் சபை தன்னைத் தள்ளிவிட்டது என்று அவரே தீர்ப்பெழுதிவிடுவார். "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்காமல், "அன்றைக்குக் காலையிலிருந்து என்ன நடந்தது" என்று கேளுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்று அநேகமாக இருக்கும். கூலி வாங்கும் நாள், கடலில் பங்கு பிரிக்கும் நாள், சாவு வீடு, கல்யாண வீடு ஆகியவை தெரிந்த பள்ளங்கள். சாவு வீட்டுக்குச் சபைக்காரர் ஒருவர் கூடவே போய், அடக்கம் முடிந்ததும் அழைத்து வந்துவிடலாம். கூலி நாளில் மனைவி வாசலில் நின்று வாங்குவது சில வீடுகளில் உதவும், சில வீடுகளில் சண்டையாகும். இருவரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மறுபடி சில வாரம் தினமும் குடித்திருந்தால், நிறுத்தும்போது முன்பு சொன்ன அதே உடல் ஆபத்துகள் திரும்பவும் உண்டு. வெட்கத்தில் சாவைப் பற்றிப் பேசினால் அதைப் போதைப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். அன்றிரவு தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள், மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கள்ளச்சாராயம் குடித்துவிட்டு வயிற்றுவலி, கண் மங்கல் என்றால்?

ஒரு நிமிடமும் காத்திராமல் பெரிய மருத்துவமனை. மெத்தனால் கலந்திருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது அதனால்தான். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள். அறிகுறி சில மணி நேரம் தாமதித்து வரும்.

திருவிருந்தில் திராட்சரசம் கொடுக்கலாமா?

புளித்த திராட்சமது என்றால் வேண்டாம். மறுபடி குடியைத் தூண்ட ஒரு மிடறின் வாசனையே போதும். புளிக்காத சாறு கொடுப்பது பல சீர்திருத்த சபைகளில் நெடுநாள் வழக்கம். 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாத்ததே திருவிருந்துக்காகத்தான். கத்தோலிக்கப் பங்குகளில் அப்ப வடிவில் மட்டும் பெற்றாலும் நற்கருணை முழுமையானதே. ஒருவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைத்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சபை முழுவதற்கும் மாற்றிவிடுவது மேல்.

ஏ.ஏ. கூட்டங்களுக்கு அனுப்பலாமா? அது கிறிஸ்தவ அமைப்பில்லையே?

அனுப்புங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரனில், குடித்து மீண்ட இருவரால் தொடங்கியது. குற்றத்தை ஒப்புக்கொள்வது, சேதப்படுத்தியவர்களுக்கு ஈடுசெய்வது போன்ற படிகள் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் பழக்கங்களிலிருந்து வந்தவை. இன்று எந்த மதத்தையும் சாராது, கட்டணமில்லை. தெய்வத்தைத் தாம் அறிந்தபடி என்று அவர்கள் சொல்வதால் விசுவாசம் குலைந்துவிடாது. நடுங்கிய கையை அறிந்தவன் சொல்வது, அறியாத போதகர் சொல்வதைவிட ஆழமாக இறங்கும். சபை மண்டபத்தில் இடம் கொடுங்கள், உள்ளே போய் உட்காராதீர்கள். அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும். குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் தனியே உண்டு.

கன்வென்ஷனில் அவரைச் சாட்சி சொல்லவைக்கலாமா?

ஓராண்டாவது பொறுங்கள். மேடை, மைக், கைதட்டல் எல்லாம் மீண்டுவருபவருக்கு இன்னொரு போதை. விழுந்தால் ஊருக்கே தெரியும். குடித்த நாட்களின் கோரத்தைச் சொல்லச் சொல்லக் கூட்டம் ரசிக்கும். மனைவியும் பிள்ளைகளும் கீழே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கதரேனரின் நாட்டில் கல்லறைகளில் கிடந்து புத்தி தெளிந்தவன் தம்முடன் வர வேண்டிக்கொண்டபோது இயேசு அவனை விடவில்லை. "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப் போய்" அறிவி என்றார். அவருடைய சாட்சியைக் கேட்க வேண்டிய முதல் ஆள் அவர் மகள். அதுவும் வாயால் அல்ல. ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவது, வாக்குக் கொடுத்த நாளில் பள்ளிக்கு வருவது, விற்றுக் குடித்த அவளுடைய கொலுசைத் திரும்ப வாங்கித் தருவது. சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்ற பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று ஆண்டவர் சொன்னார். உள்ளம் மாறியிருக்கிறதா என்று அறிய விரும்பினால் போதகர் மேடையைப் பார்க்க வேண்டாம், குடியை விட்டவரின் மனைவியிடம் கேட்கட்டும். அவர் "பார்க்கலாம்" என்று சொன்னால் இன்னும் காத்திருங்கள்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. குடி நின்றுவிட்டது, ஆனால் அவர் கிறிஸ்துவிடம் வரவில்லை. தொடர வேண்டுமா?

ஆம். குஷ்டரோகிகள் பத்துப்பேர் சுத்தமானார்கள், ஒருவன் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரிடமிருந்து ஆண்டவர் சுகத்தைத் திரும்பப் பெறவில்லை. சந்திப்பை மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் மாலை வகுப்பு அப்படியே நடக்கட்டும். "நாங்கள் தொடர்ந்து வரலாமா?" என்று அவரிடமே கேளுங்கள். அநேகமாக வரச் சொல்வார், தேநீரும் போட்டுத் தருவார். பக்கத்துத் தெருவில் குடியில் கிடக்கும் தன் மச்சானின் வீட்டையும் அவரே காட்டுவார். அங்கே போகும்போது அவரையும் கூட அழைத்துப் போங்கள்.